கடைசி நான்கு நிமிடம்

அந்த இசைத்தட்டின் அட்டையில் கடலுக்கு நடுவே ஒரு படிக்கட்டு மட்டும் நிற்கும். வீடு இல்லை, கரை இல்லை. பாசி நிறத் தண்ணீரிலிருந்து எழும்பும் பதினோரு படிகள் வெறும் வானத்தில் போய் முடிந்துவிடும். பாகூருக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கூடத்தில், மற்றவர்கள் சாமி படம் மாட்டுகிற இடத்தில், அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் மூத்தார். கல்யாணமாகி உள்ளே நுழைந்த அன்று குத்துவிளக்கை ஏற்றச் சொன்னார்கள். நான் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அட்டையின் மேல் ஆங்கிலத்தில் இருந்த பெயரைப் படித்துக்கொண்டு நின்றேன். குச்சி விரலைச் சுட்டது. எனக்கு அந்தத் தட்டு தெரியும். அட்டையைத்தான் அதுவரை பார்த்ததில்லை.

கணவரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மூத்தார் என்போம். நேரில் கூப்பிடும்போது மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அவரும் ஒரு சொல்தா. இருபது வயதில் போய் நடுவயதில் திரும்பியவர். வீட்டில் இருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகிற தம்பியைப் பார்த்து, "காலர மடிச்சி வுடுடா" என்பார். என் கணவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவரை எதிர்த்துப் பேசியவர் அந்த வீட்டில் யாரும் கிடையாது. கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். பேசுகிறவரைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். ஆள் எதிரில் நின்றாலும் அங்கே சுவர் இருப்பதுபோல் பார்வை தாண்டிப் போகும். எல்லோரும் பயந்தது அதற்குத்தான். மாடியில் அவரும் அவர் மனைவியும், கீழே நாங்கள், சமையல் ஒன்று. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் ஓர் ஆங்கிலேயக் குழு போட்டது. ப்ராக்ரஸிவ் ராக் என்பார்கள். மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு இவர்களுக்குப் பாட்டே இல்லை. தாளம் நடுவில் மாறும், ராகம் மாதிரி ஒன்று தொடங்கிக் காணாமல் போகும், பத்து நிமிடம் கழித்து வேறு வாத்தியத்தில் தலைகாட்டும். இந்தத் தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு புல்லாங்குழல் தனியாக மேலே ஏறத் தொடங்கும். அதற்குப் பிறகு வரும் கடைசி நான்கு நிமிடத்துக்காகத்தான் எங்கள் வீடு இரண்டானது.

நான் சோரியாங்குப்பத்துக்காரி. அப்பா கரும்பு லாரி ஓட்டியவர். பௌதிகம் படிக்கப் புதுச்சேரி டவுனுக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியபோது, அறைத்தோழி ஒருத்தி அவள் அண்ணன் பதிவு செய்துகொடுத்த கேசட்டுகளைப் பெட்டி நிறைய வைத்திருந்தாள். அதில் ஒன்றில் இந்தப் பாட்டு இருந்தது. பக்கத்தின் தொடக்கத்தில் வேறெதையோ பதிந்திருந்ததால் பாட்டு முழுதாக அடங்கவில்லை. குழல் ஏறிக்கொண்டே போகும். அடுத்த சுரத்தில் கால் வைக்கப்போகும் நேரத்தில் டேப் தீர்ந்து, பட்டென்று அமைதி. மூன்று வருடம் நான் அதை அப்படியே கேட்டேன். பாட்டு அங்கேதான் முடிகிறது என்று நம்பினேன். இப்படி முடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று வியந்தேன். பரீட்சைக்கு முதல் நாளெல்லாம் அந்த அமைதிக்காகவே அந்தப் பாட்டைப் போடுவேன்.

கல்யாணமாகி மூன்றாவது ஞாயிறு. சாயங்காலம் நாலு மணிக்கு மூத்தாரின் நண்பர்கள் வருவார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், அவரோடு இன்னும் ஓரிருவர். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசாமல் தட்டு கேட்பார்கள். மூத்தார் தன் நாற்காலியை மட்டும் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, வலது தோளை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்காருவார். நான் காபித் தட்டோடு வந்தேன். குழல் ஏறத் தொடங்கியிருந்தது. காபியை வைக்க மறந்து நிலைப்படியில் நின்றுவிட்டேன். என் அமைதி வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தது அமைதி இல்லை. மணிகள், ஆர்கன், இருபது முப்பது பேர் சேர்ந்து பாடும் குரல்கள், எல்லாவற்றுக்கும் மேலே டமாரம் மாதிரி டிரம்ஸ். குழல் அதற்குள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"ஐயோ, கெடுத்துட்டானுங்களே" என்று என் வாய் சொல்லிவிட்டது.

மூத்தார் எழுந்து ஊசியைத் தூக்கினார். அதுவரை அவர் பாட்டை நடுவில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லையாம். "இன்னா சொன்ன?" என்றார்.

பின்வாங்கியிருக்கலாம். வந்து மூன்று வாரம் ஆன மருமகள் பின்வாங்கத்தான் வேண்டும். ஆனால் நான் கேசட் கதையைச் சொன்னேன். அது அந்த அமைதியிலேயே முடிந்திருக்க வேண்டும் என்றேன். "இது வீராம்பட்டினம் தேர் மாதிரி இருக்கு மாமா. கூட்டமும் மேளமும்தான் கேக்குது. அம்மன் எங்க இருக்குன்னு தெரியல."

"தேருன்னா நிலைக்கு வரணும்" என்றார். "நடுத்தெருவுல வுட்டுட்டு வூட்டுக்குப் போவியா?"

"நிலைக்கு வரட்டும் மாமா. அதுக்கு இவ்ளோ வெடி எதுக்கு?"

வங்கி அதிகாரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது என்று பின்னாளில் பலமுறை நினைத்திருக்கிறேன். மூத்தார் என் தலைக்கு மேலே, வாசலைப் பார்த்துச் சொன்னார். "அறுந்த கேசட்ட கேட்டுட்டு வந்து முழுப் பாட்டுக்கு நொட்ட சொல்ற. கரும்பு லாரி பாட்டு கேட்டு வளந்த காதுக்கு இது எட்டாது. போயி வேலையப் பாரு."

என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அப்பாவின் லாரியைச் சொன்னார். அந்த லாரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் தாளம் போட்டுத்தான் நான் பாட்டு கேட்கவே கற்றேன். காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அடுத்த வாரத்திலிருந்து அக்காதான் காபி கொண்டுபோனாள்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் வில்லியனூரில் ஒரு பள்ளியில் பௌதிக ஆசிரியையாகச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஞாயிறு நாலு மணிக்கு வீட்டில்தான் இருப்பேன். பத்தொன்பதாவது நிமிடம் எனக்கு மனப்பாடம். குழல் முடிந்து மணி அடிக்கும் கணத்தில் சமையலறையில் மிக்ஸியை ஓடவிடுவேன். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் பொட்டுக்கடலையாவது போடுவேன். நாலு நிமிடம் ஓடும். இரண்டு மூன்று வாரம் கழித்து அவர் சத்தத்தைக் கூட்டினார். நான் கிரைண்டரையும் போட்டேன். பிறகு சமையலறைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கடைசி மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே போவார், எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும். "ஒரு பாட்டுக்காடி இவ்ளோ?" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான். அக்கா என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டாள். "நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாய்ல இருந்து முத்தா கொட்டிடும்?" என் வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் மூலமாகத்தான் அந்த வாட்ஸ்அப் குழுவைப் பற்றித் தெரிந்தது. பழைய மேற்கத்திய ராக் இசை கேட்கிறவர்கள் தமிழில் பேசிக்கொள்ளும் குழு. அதில் சொல்தா ஐயா என்று ஒருவர் இருக்கிறாராம், எட்டு நிமிடத்துக்குக் குரல் பதிவு போடுவாராம், எல்லோரும் அவரிடம் கேட்டுக்கொள்வார்களாம். எனக்குப் புரிந்துவிட்டது. பள்ளி வேலைக்கென்று ஒரு இரண்டாவது சிம் வைத்திருந்தேன். அந்த எண்ணில், விமலன் என்ற பெயரில் சேர்ந்தேன். படத்துக்கு ஒரு தாமரை. ஆண் பெயர் ஏன் என்று கேட்டால், அந்தக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்பதுதான் பதில். வாயைத் திறப்பதற்கு முன்பே என்னை விமலன் சார் என்று வரவேற்றார்கள்.

ஒரு மாதம் சும்மா இருந்தேன். பிறகு எங்கள் தட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசி நான்கு நிமிடம்தான் அந்தக் காலத்து இசையின் உச்சம் என்று சொல்தா ஐயா பதிவு போட்டிருந்தார். நான் எழுதினேன். கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது முழுப் பாட்டையும் நூறு முறை கேட்டிருந்தேன், மிக்ஸி இல்லாமல், பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. பத்தொன்பது நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் தெரியாததால் மணி அடித்து ஆளைக் கலைக்கிறார்கள், அந்தக் குழல் எங்கே போயிற்று என்று எழுதினேன். குழுவில் சிலர் என் பக்கம் வந்தார்கள். அவர் பதில் போட்டார். நான் மறுத்தேன். வாரக்கணக்கில் போயிற்று. எனக்கு வந்த பதில்களில் அவருடையது மட்டும்தான் நான் எழுதியதை வரி வரியாகப் படித்துவிட்டு வந்த பதில்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அவர் தம்பியிடம் சொன்னார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "குரூப்புல ஒருத்தன் இருக்கான்டா, விமலன்னு. தலக்கனம் புடிச்சவன். ஆனா காது இருக்கு அவனுக்கு. இத்தினி வருசத்துல இப்பதான் ஒரு ஆளு கெடச்சிருக்கான்."

என் கணவர், "அப்டியாண்ணா" என்றார். நான் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதே காதுதானே இது.

எல்லாம் முறிந்தது ஒரு குரல் பதிவால். என் வாதத்துக்குப் பதில் கிடைக்காத எரிச்சலில் இருந்தார் போலிருக்கிறது. "விமலன் சார், ஆம்பளையா பொறந்தவன் ஒரு பாட்ட கடைசி வரைக்கும் நின்னு கேப்பான். சத்தம் ஜாஸ்தியானா காதப் பொத்திக்கினு உள்ள ஓடறதுக்கு எங்க வூட்லயும் ஒரு பொம்பள இருக்குது. நீங்களும் அந்த மாதிரியா?" குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. நான் பள்ளி ஓய்வறையில் இருந்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அப்படியே நின்றபடி எழுதினேன்: அந்த முடிவில் குரல்கள் இடமும் வலமுமாகக் கேள்வி பதிலாகப் பிரிந்து வருகின்றன. ஒரு காது மட்டும் வேலை செய்கிற ஆளுக்கு அது மொத்தமாகக் கோயில் மணி மாதிரிதான் கேட்கும். அப்படிப்பட்டவர் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லாமல் இருப்பது நல்லது.

மூத்தாருக்கு இடது காது கேட்காது. பட்டாளத்தில் பயிற்சியின்போது பக்கத்தில் வெடித்த ஒன்றால் போனது. தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். ஊருக்கு வந்தும் மறைத்தார். நாற்காலியைப் பக்கவாட்டில் போடுவது அதனால்தான். என் கணவர் ஒருமுறை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி என்னிடம் சொன்னது அது. நான் செய்ததில் தவறு எது என்று இன்று யாராவது கேட்டால் பொய்ப்பெயரைச் சொல்லமாட்டேன், மிக்ஸியைச் சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்வேன். அனுப்பிய பிறகு வகுப்புக்குப் போய் ஒளிவிலகல் நடத்தினேன். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது.

மூன்று நாள் குழுவில் அவர் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிறு நாலு மணிக்குக் கூடத்தில் பாட்டும் இல்லை. நான் சமையலறையில் இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. சமையலறைப் பக்கம் வந்தால் தாண்டிப் போவாரே தவிர, வாசலில் அவர் நின்றதே இல்லை. கையில் போன்.

"விமலன் சார், ஒரு காபி கெடைக்குமா?" என்றார்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அடுப்பை அணைத்து, காபி கலந்து கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார். "இந்தக் காது கேக்காதுன்றது இந்த வூட்ல மூணு பேருக்குத்தான் தெரியும். என் பொண்டாட்டிக்கு எழுத நேரமில்ல. தம்பிக்கு பாட்டுன்னா இன்னான்னே தெரியாது. வேற யாரு?"

"காதப் பத்தி எழுதுனது தப்பு மாமா. மன்னிச்சிடுங்க."

"கடைசி நாலு நிமிசத்தப் பத்தி எழுதுனது?"

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கணத்தில்கூட யோசித்துத்தான் பார்த்தேன். "அது தப்பில்ல மாமா."

டம்ளரை மேடையில் வைத்தார். வெளியே போகும்போதே தட்டத் தொடங்கியிருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் குழுவில் வந்தது. விமலன் என்பவர் ஆண் அல்ல, என் தம்பியின் மனைவி, என் வீட்டில் இருந்துகொண்டே என்னை வேவு பார்த்து எழுதியவர். கூடவே என் சொந்தப் பெயர், நான் வேலை செய்யும் பள்ளியின் பெயர். காதைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். என்னை சார் சார் என்றவர்கள் எழுதியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வீட்டுச் சண்டையைக் கொண்டுவந்து குழுவை நாறடித்துவிட்டாள் என்பது அதில் மிக நாகரிகமானது. என் வாதங்களை மூன்று மாதம் பாராட்டியவர்களில் ஒருவர்கூட, அந்த வாதங்கள் இன்றைக்கு எப்படிப் பொய்யாயின என்று கேட்கவில்லை. இரவுக்குள் என்னை வெளியேற்றிவிட்டார்கள்.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அவர் கால்ல வுழு. அதோட முடிஞ்சிடும்." காதுக்காக விழத் தயார் என்றேன். பாட்டுக்காக என்றால் மாட்டேன் என்றேன். "ரெண்டும் ஒன்னுதான்டி" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றில்லை. என் கணவர் வயலிலிருந்து வந்து சேற்றுக் காலோடு கூடத்தில் நின்று, அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனிடம், "நீ ஸ்கூல் பேர போட்டிருக்கக் கூடாதுண்ணா" என்றார். மூத்தார் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வை தன்மேல் விழுந்தபோதுதான் பன்னிரண்டு வருடம் நான் எதோடு குடித்தனம் நடத்தினேன் என்பது என் கணவருக்குப் புரிந்ததாம். அடுத்த மாதம் உறுவையாற்றில் வாடகைக்கு வீடு பார்த்தோம். எனக்குப் பள்ளி பக்கம். அவர் தினமும் காலையில் பைக்கில் பாகூர் வயலுக்குப் போய்வந்தார். ஊரில் சொத்துத் தகராறு என்று பேசிக்கொண்டார்கள். பாட்டுத் தகராறு என்றால் யார் நம்புவார்கள்?

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு நாலு மணிக்கு அந்த இரண்டாவது சிம்முக்கு ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. "குழல் எங்கே போயிற்று என்று கேட்டாய். பெண் குரல்களில் மூன்றாவது வரிசையைக் கேள். அங்கே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது." நான் கோபத்தோடு ஹெட்போனை மாட்டினேன். தேடினேன். இருந்தது. குழல் விட்ட இடத்திலிருந்து அடுத்த சுரத்தைப் பிடித்து, கூச்சலுக்கு அடியில் ஒரு குரல் ஏறிக்கொண்டே போகிறது. இத்தனை வருடம் எனக்குக் கேட்கவில்லை. "இருக்கிறது. ஆனால் அதைப் புதைத்தது யார்? அதற்குத்தான் என் கோபம்" என்று பதில் போட்டேன். அடுத்த ஞாயிறு அவர் பதில் வந்தது.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. வாரத்துக்கு ஒரு செய்தி, வாரத்துக்கு ஒரு பதில். நலம் விசாரித்ததில்லை. பொங்கல், தீபாவளி கிடையாது. என் மகளின் சடங்குக்கு வந்தவர் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமல் போனார். அன்றைக்கு ஞாயிறு, நாலு மணிக்குச் செய்தி மட்டும் வந்தது, ஆறாவது நிமிடத்து ஆர்கனைப் பற்றி. "முட்டாள்தனம்" என்ற சொல்லை இருவரும் தாராளமாகப் பயன்படுத்தினோம். டிரம்ஸ் வாசிப்பவர் பத்தொன்பதாவது நிமிடத்துக்கு முன்பே களைத்துவிட்டார், கடைசியில் வெறும் கையால்தான் அடிக்கிறார், மனசால் இல்லை என்று நான் ஒருமுறை எழுதினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு, "டிரம்ஸ் சரி. மற்றது தவறு" என்று வந்தது. அவர் எனக்கு விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். நான் அவருக்கு விட்டுக்கொடுத்தது அந்த மூன்றாவது வரிசைக் குரல்.

பிறகு அவர் குறிப்பிடும் நிமிடங்கள் பிசகத் தொடங்கின. பதினாறாவது நிமிடத்தில் வருவதைப் பதினாலு என்று எழுதினார். "பதினாலு இல்லை, பதினாறு. கேட்டுவிட்டு எழுதுங்கள்" என்று போட்டேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரம், "பதினாறு. சரி" என்று மட்டும் வந்தது. ஒருநாள் வயலிலிருந்து வந்த என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், அண்ணனுக்கு அந்த இன்னொரு காதும் போய் ஆறு மாதம் ஆகிறதாம். மிஷின் வைத்தும் பிரயோஜனமில்லையாம். நான் போனை எடுத்து அந்த ஆறு மாதச் செய்திகளையும் திரும்பப் படித்தேன். அத்தனையும் ஞாபகத்திலிருந்து எழுதியது. நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதிய பதில்களுக்கு அவர் ஒன்றும் கேட்காமல் பதில் சொல்லியிருக்கிறார். இனி விட்டுக்கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு "நீங்கள் சொல்வதும் சரிதான்" என்று தட்டக்கூடச் செய்தேன். அனுப்பவில்லை. அவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்து போனேன். பாதியாகியிருந்தார். சட்டை மட்டும் இஸ்திரி போட்டது. அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்து மாற்றுவாளாம். நான் வாயைத் திறந்ததும் கையைத் தூக்கித் தடுத்தார். "பேசாத. எழுது." போனை நீட்டினார். எப்படி இருக்கீங்க மாமா என்று தட்டிக் காட்டினேன். படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இது இன்னா கேள்வி? போன வாரம் நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

போன வாரம் அவர் கேட்டிருந்தது இதுதான்: அந்த மூன்றாவது வரிசைக் குரலைத் தெரிந்துகொண்ட பிறகுமா முடிவு மோசம் என்கிறாய்? பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்ன எழுதவேண்டும் என்று அவள் கண் சொன்னது. நான் தட்டினேன்: ஆமாம் மாமா, மோசம்தான். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். பழைய கோபம் முகத்தில் ஏறியது. ஆனால் பார்வை என்னைத் தாண்டிப் போகவில்லை. நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும்வரை என்னை முறைத்துக்கொண்டேதான் இருந்தார். நானும் முறைத்தேன்.

இரண்டு வாரத்தில் போய்விட்டார். காரியத்தன்று அந்தக் கூடத்துக்குள் மறுபடி நுழைந்தேன். குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். யார் மனமும் நோகப் பேசாதவர் என்றார் ஒருவர். மாற்றுக்கருத்தை மதித்தவர் என்றார் இன்னொருவர். என்னைப் பற்றி அன்றைக்கு மிகக் கேவலமாக எழுதியவர் அவர்தான். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு காந்தியது. இவர்கள் வேறு யாருக்கோ காரியம் செய்கிறார்கள். கடைசியில் வங்கி அதிகாரி, "அவருக்குப் புடிச்ச அந்தக் கடைசி நாலு நிமிஷத்தப் போடலாம். நீங்களே போடுங்கம்மா, பழசெல்லாம் மறந்துட்டு" என்று ஸ்பீக்கரின் கம்பியை என்னிடம் நீட்டினார்.

"நாலு நிமிஷம் மட்டும் போட்டா அவரே எழுந்து வந்து நிறுத்துவாரு. போடறதா இருந்தா இருபத்து மூணையும் போடுங்க" என்றேன். பிறகு, கேட்காத ஒன்றையும் சொன்னேன். "அதுவும் அந்த முடிவு நல்லா இல்ல."

"இன்னிக்கி ஒரு நாள் விடக்கூடாதாம்மா?" என்றார் பாவமாக. மற்றவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். அக்கா கேட் வரை பின்னால் வந்தாள்.

"செத்தும் வுடமாட்டியாடி நீ?"

"மாட்டேன்க்கா."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்தபோது உள்ளே மணிகள் அடிக்கத் தொடங்கின. நாலு நிமிடத்தை மட்டும்தான் போட்டார்கள்.

இப்போது குழுவை நடத்துவது வங்கி அதிகாரிதான்; சென்ற மாதம் என்னை அதில் மறுபடி சேர்த்தார், என் சொந்தப் பெயரில். மன்னிப்புக் கேட்டு ஒரு வரியும் எழுதியிருந்தார். நான் ஒன்றும் எழுதாமல்தான் இருந்தேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், எங்கள் தட்டைப் பற்றி எழுதினார். அந்தக் கடைசி நாலு நிமிடம் வெறும் சத்தம், வெட்டி எறிந்திருக்க வேண்டும், பழைய ஆட்கள் எப்படித்தான் அதைத் தூக்கிவைத்து ஆடுகிறார்களோ. நான் இருபது வருடமாகச் சொல்லிவருவது அதுவேதான். சரியாகச் சொன்னீர்கள் என்று கட்டைவிரல் பொம்மை ஒன்று போட்டிருக்கலாம்.

எத்தனை முறை கேட்டீர்கள் என்று கேட்டேன். ஒரே முறை, அதுவும் ஓட்டி ஓட்டி என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசைக் குரலை எழுதினேன். தொடக்கத்து நாலு சுரம் மணிகளுக்குள் எப்படித் தலைகீழாக வருகிறது என்று எழுதினேன். அந்த முடிவுக்குச் சார்பாகச் சொல்லக்கூடிய ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வைத்து அடித்து நொறுக்க முயன்றவள் நான். எட்டுப் பத்தி ஆயிற்று. முட்டாள்தனம் என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. அனுப்பினேன்.

சிறிது நேரம் கழித்து அவர் பதில் போட்டார். மேடம், நீங்க இந்த முடிவுக்கு வெறித்தனமான ரசிகை போலிருக்கே.

இல்லை என்று எழுதிவிட்டு, ஒன்பதாவது பத்தியைத் தொடங்கினேன்.